எந்த ஊர்

செங்கல்சூளை முதலாளிக்கு அங்கமுத்து தரவேண்டிய முன்பணப் பாக்கி பதினோராயிரத்து நானூறு ரூபாய். இனி மண் மிதிக்க முட்டி இடம் கொடுக்காது. கடன் அடைந்ததும் எந்த ஊரில் போய் உட்காருவது என்று அவரும் மனைவி செம்பாயியும் சூளைக் குடிசை வாசலில் தினமும் பேசினார்கள். “நீ பொறந்த ஊருக்கே போயிருவமா?” என்றார் அவர். “அங்க தண்ணி உப்பு.” “மகன் வீட்டுக்கு?” “மருமவ மூஞ்சி அதவிட உப்பு.” இருவரும் சிரித்தார்கள். கடன் இருந்தவரை எந்த ஊரையும் வேண்டாமென்று சொல்ல முடிந்தது. ஒருநாள் முதலாளியின் மகன் பைக்கில் வந்தான். “பெருசு, ஒங்க பாக்கியத் தள்ளுபடி பண்ணியாச்சு. குடிசைக்குப் புது ஆளுங்க வர்றாங்க. நாளைக்குக் கெளம்பிருங்க.” செம்பாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கைகூப்பினார். “அந்தக் கடன் அப்படியே இருக்கட்டும் சின்னய்யா.” “அதெல்லாம் கணக்குலருந்து அடிச்சாச்சு பெருசு” என்று அவன் வண்டியைக் கிளப்பினான்.