கீரி கற்ற இங்கிலீஷ்

கோழி இரை பொறுக்கித் திரும்பியபோது, அது அடைகாத்துவந்த ஆறு முட்டைகளில் மூன்றைக் கீரி குடித்து முடித்திருந்தது.

"திருட்டுப் பயலே!" என்று கத்தியது கோழி.

"மரியாதையாப் பேசு. நான் 'இன்வெட்டரேட்'. டியூஷன் சென்டர் கூரையில படுத்திருந்தப்போ கேட்டுக் கத்துக்கிட்டேன். ரத்தத்துல ஊறிப்போன பழக்கம், விடவே முடியாதுன்னு அர்த்தம்."

"அடேயப்பா, இங்கிலீஷெல்லாம் பேசுறாரே!" என்று பக்கத்தில் நின்ற வாத்து பணிவாக ஒதுங்கி வழிவிட்டது. கீரி நிதானமாக நான்காவது முட்டையை உருட்டியது.

கோழி பாய்ந்து அதன் ஒரு கண்ணைக் கொத்தியது.

"முட்டையைத் தொட்டவனைக் கொத்துறது எங்க அம்மா காலத்துலேர்ந்து எங்க ரத்தத்துல ஊறினது. அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு, மிச்சமிருக்கிற கண்ணால படிச்சுட்டு வந்து சொல்லுடா!"