மூன்று முறை திரும்பிய முத்துமாலை

அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில், பழைய நகைகளை வாங்கி விற்கும் கடை ஒன்றில் மார்லீன் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அன்று மத்தியானம் கால் கடுத்துப்போய் அவள் ஸ்டூலைத் தேடியபோது லொரெய்ன் உள்ளே வந்தாள். முந்தின வாரம் அங்கே வாங்கிய முத்துமாலையைப் பெட்டியோடு மேஜைமேல் வைத்தாள். நூறு வருடத்து மாலை. முன்பு வாங்கிய இரண்டு பேரும் அதைத் திருப்பித் தந்திருந்தார்கள்; அது கடைக்குத் திரும்பி வருவது இது மூன்றாவது முறை.

"முத்து மங்கிடுச்சா?" என்று மார்லீன் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. பார்த்துக்கிட்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா வீட்ல நான் ஒண்டி ஆளு. கழுத்துல வச்சா, பின்னால யாரோ கொக்கிய மாட்டிவிடறாங்க."

"உங்களுக்காவது மாட்டிவிட ஆள் இருக்கே!"

லொரெய்ன் சிரிக்கவில்லை. மாலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்லீன் மாலை போட்டு நாலு வருடமாகிறது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, சின்னக் கொக்கி பிடிபடுவதில்லை. கணவன் வால்ட் உயிரோடு இருந்தவரை அவன்தான் மாட்டிவிடுவான்.

கடையில் வேறு யாரும் இல்லை. அவள் கண்ணாடி முன் நின்று, மாலையின் இரண்டு முனைகளையும் பிடரிக்குக் கொண்டுபோனாள். அங்கே விரல்கள் அவற்றை வாங்கிக்கொண்டன. அவை வால்டின் விரல்கள் அல்ல. இவை மெலிந்தவை, குளிர்ந்தவை, ஒன்றில் மோதிரம் இருந்தது. கண்ணாடியில் அவள் மட்டும்தான் தெரிந்தாள்.

கொக்கி சரியாக விழவில்லை. அந்தக் குளிர்ந்த விரல்கள் தடுமாறின. பயப்படக்கூட மார்லீனுக்குத் தெம்பு இல்லை. முடியை ஒதுக்கி, மாட்ட வசதியாகத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.