ஐந்து நீட்டல்கள்

ஹெட்போனுக்குள் திடீரென்று படபடவென்று வெடித்தது.

றஜிதா அதைக் கழற்றி எறிந்துவிட்டு யன்னலுக்கு ஓடினாள். கிணற்றடியில் மாமனார் முருகேசு இறைப்பு மிசினை முடுக்கிவிட்டு நின்றார். அதன் பிளக்கில் பறக்கும் பொறிதான் அவளுடைய றேடியோவில் வந்து வெடிக்கிறது.

"மாமா, நிப்பாட்டுங்கோ! உங்கடை மிசின் என்ரை காதுக்குள்ளை தண்ணி இறைக்குது!"

"உன்ரை மனுசன் கதைக்கிறதுக்கு என்ரை வெங்காயம் வாடோணுமோ?"

"உங்கடை மோன்தானே மாமா!"

"உவன் சின்னனிலையும் வாய் திறக்கிறதெண்டால் ஊரே அடங்கோணும்."

மிசின் நின்றது.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சூரியன் வந்துவிட்டால் எண்பது மீற்றர் அலைவரிசையில் தூரத்துக் குரல்கள் செத்துவிடும். இன்னும் பத்து நிமிடம்.

அவள் கணவன் சுபாங்கன் வேலை செய்த கப்பலை, அதன் முதலாளி செங்கடலில் நங்கூரத்தோடு கைவிட்டு ஏழு மாதம். சற்றலைட் போனை வெட்டிவிட்டார்கள். கைப்பேசிக்குக் கரை எட்டாது. மிஞ்சியது அவனிடம் இருந்த சின்ன றேடியோ. காதலித்த காலத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சோதனை எழுதி அதற்கு லைசென்ஸ் எடுத்திருந்தார்கள்.

அவன் அனுப்புவது பற்றரியில். இங்கே வந்து சேரும்போது கொசுவின் முனகல்.

அதற்காக றஜிதா வீட்டு எல்ஈடி பல்புகளை எல்லாம் கழற்றினாள். விடியற்காலையில் பிறிட்ஜை நிறுத்தினாள். வெங்காயப் பாத்தி ஓரமாக, முழங்கால் உயரத்தில், மேற்கே பார்த்து இருநூறு அடி தூரத்துக்கு ஏரியல் கம்பி இழுத்தாள். மாமனார் அதில் இரண்டு தரம் தடுக்கி விழுந்துவிட்டார்.

இரைச்சல் ஒரு படி குறைந்தால் அவன் ஒரு படி கிட்ட வந்தான்.

நேற்றுப் பின்னேரம் கப்பல் ஏஜென்சியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். ஒன்பது பேரில் ஏழு பேரை இறக்கப் போகிறார்களாம். இரண்டு பேர் கப்பலுக்குக் காவலாக நிற்க வேண்டுமாம். யார் அந்த இரண்டு பேர் என்று அவர்களுக்கே தெரியாது.

அவள் மோர்ஸ் விசையில் விரலை வைத்தாள். அவனுடைய அழைப்புக் குறி. தன்னுடையது. பிறகு, ஆங்கில எழுத்துகளில் ஒரே ஒரு சொல்.

வாறியளோ?

இரைச்சல்.

திரும்பவும் அடித்தாள். திரும்பவும் இரைச்சல்.

அதற்கு அடியில், இழை போல ஏதோ ஒன்று. மூன்று நீட்டல். இரண்டு நீட்டல்.

ஓ. எம்.

ஓம்! வருகிறான்!

"மாமா! ஓம் எண்டிட்டார்!"

முருகேசு மிசின் கயிறும் கையுமாக யன்னலடிக்கு ஓடி வந்தார்.

"வெங்காயம் கிடக்கட்டும் பிள்ளை. நாளைக்கே கீரிமலைக் கோயிலுக்குப் போவம். நேத்தி வைச்சனான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹெட்போன் மறுபடி கூவியது. விடியும் நேரத்தில் சிலவேளை அப்படித்தான், அலை ஒரு தரம் எழும்பிவிட்டுப் போகும். இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

அழைப்புக் குறி சுபாங்கனுடையது அல்ல. எந்த நாட்டிலிருந்தோ, யாரோ ஒருவர்.

'மன்னிக்கவும், ஓ.எம்.! நீர் அனுப்பியது விளங்கவில்லை. திருப்பி அனுப்பும்.'

ஓ.எம். என்றால் றேடியோக்காரர்களின் பாஷையில் நண்பரே. முகம் தெரியாத ஆண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மனிதர் இவளையும் ஓர் ஆண் என்று நினைத்துவிட்டார். முதலில் இழை போலக் கேட்டதும் அவருடைய ஓ.எம்.தான்.

பனைகளுக்கு மேலே வெயில் ஏறியது. எல்லாக் குறிகளும் இரைச்சலுக்குள் அமிழ்ந்து போயின.

முருகேசு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திரும்பக் கேட்டதே, இன்னும் என்னவாம் பிள்ளை?"

றஜிதா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"எந்த நாள் எண்டு மட்டும் சொல்லேல்லை, மாமா."