பேயின் பேர்

"நாசமாத்தான்டி போவே," என்று சீதா மறுபடியும் தமிழில் கத்தினாள். அடுப்படி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராயப்பர் சாமியாருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான்.

பேயோட்டுவதற்கென்று ஆயர் அனுமதி கொடுத்திருந்த குருவானவர் அவர். எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டார். சில இடத்தில் காக்காய் வலிப்பு. பல இடத்தில் யுத்தத்தின்போது சயாம் ரயில்பாதை போடப் போய்த் திரும்பாத புருஷன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று திரும்பி வந்துவிடுவார்.

அவருடைய கஷ்டம் வேறு. பேய் பொய்யென்றால் கடவுள் மட்டும் எப்படி மெய் என்று மனசு குடைய ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. நிஜப் பேய் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டால் போதும். இதுவும் இல்லையென்றால் அங்கியைக் கழற்றிவிடுவது என்ற முடிவோடுதான் காஜா பேராங்கில் இருந்த இந்த வீட்டுக்குச் சைக்கிள் மிதித்திருந்தார்.

இங்கே அடையாளம் கச்சிதமாக இருந்தது. தெரியாத மொழி பேசினால் பேய் என்று செபப் புத்தகமே சொல்கிறது. சீதா, பக்கத்திலேயே இருக்கும் கம்போங் செட்டி என்ற செட்டிக் குடியிருப்பில் பிறந்தவள். பல தலைமுறைக்கு முன்பே மலாய் மண்ணில் தங்கிவிட்ட அந்தச் செட்டிகளுக்குப் பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். தேவதாஸைக் கட்டிக்கொண்டு வேதத்துக்கு வந்ததால் பெற்றவர்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செசிலியா என்று பேர் வைத்ததே இந்தச் சாமியார்தான்.

"அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது சாமி," என்றாள் மாமியார் அந்தோணியம்மா. "நாங்க அவகிட்ட மலாய்லதான் பேசுவோம்."

தேவதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். முதலில் பேரைக் கேட்க வேண்டும். பேர் தெரிந்தால்தான் பேய் கட்டளைக்கு அடங்கும். லத்தீனில் கேட்டார். அவள் அடுப்பையே பார்த்தாள்.

"உன் பேர் என்ன?" என்று தமிழில் கேட்டார்.

சீதா சட்டென்று நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"மூதேவி."

அந்தோணியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பேய் பேரைச் சொல்லிவிட்டது. கடவுள் இருக்கிறார்.

"மூதேவி, வெளியே போ," என்று வீடு அதிர உத்தரவிட்டார்.

சீதா எழுந்தாள். சாரோங்கை இழுத்துச் சொருகிக்கொண்டு, யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, வாசற்படி இறங்கினாள். பலமுறை இறங்கிப் பழகியவள் போலத்தான் இருந்தது.

சாமியாருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் அவளிடம் பேசியது மலாய்தான். ஏசியது எந்த மொழியில் என்று அவர் கேட்கவில்லை.

தெருவில் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளுக்கு ஏணியை நகர்த்தி வழிவிட்டார்கள். இடது பக்கம் போனால் அப்பா வீடு. அவள் வலது பக்கம் திரும்பினாள்.

கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். வாசற்படிவரை வந்து நின்றுவிட்டார்.

"போயிடுச்சு சாமி," என்று அந்தோணியம்மா அவர் காலில் விழுந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவர் உத்தரவுக்கு அடங்கி ஒன்று வெளியேறியது இதுதான் முதல் தடவை.