அடுத்த பால்கனி

“சிகரெட்டை மட்டும் விடச் சொல்லிடாதீங்க டாக்டர்!”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அய்ஜமால் கெஞ்சினாள். புதிய டிரைவர் வேலைக்காக மருத்துவச் சான்றிதழ் வாங்க வந்திருந்த அவள் புருஷன் தாலாய்பெக், ஜன்னல் வழியே நாரின் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பழைய வேலை போனதுலேர்ந்து சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, சுருண்டே கிடந்தார். நானே தினம் ஒரு பாக்கெட் வாங்கிக் குடுக்கிறேன். ரெண்டு மாசமாத்தான் சிரிக்கிறார், பாடக்கூடச் செய்றார். அதைப் பிடுங்கினா மறுபடி இடிஞ்சு போயிடுவார்.”

“சிகரெட் மனச்சோர்வை ஆத்தாதுக்கா, வளர்க்கும்” என்ற டாக்டர் சினாரா, மூச்சில் எவ்வளவு புகை என்று காட்டும் ஒரு சின்னக் கருவியை அவனிடம் நீட்டினாள். “ஊதுங்கண்ணே.”

ஊதினான். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னாள்.

“அக்கா, இவர் சிகரெட்டே பிடிக்கிறதில்லை!”

அய்ஜமால் திகைத்தாள். “தினம் பால்கனிக்குப் போறீங்க! சட்டையெல்லாம் நாறுதே!”

தாலாய்பெக் கோட்டுப் பையிலிருந்து காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை எடுத்தான்.

“ரெண்டு மாசமா இதைத்தான் சப்பறேன். சிகரெட்டை விட்டப்புறம்தான் மனசே லேசாச்சு. சொன்னா நீ பயந்துடுவே. அதான் பாக்கெட்டை அடுத்த பால்கனி எர்மெக்கிட்ட குடுத்துடுவேன். அவன் ஊதுவான், நான் பக்கத்துல நிப்பேன்.”

அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் ஓர் அடி போட்டாள் அய்ஜமால்.

“டாக்டர், அடுத்த வாரம் எர்மெக்கைக் கூட்டிட்டு வரட்டுமா?” என்றான் தாலாய்பெக். “கலகலன்னு இருந்தவன். ரெண்டு மாசமா பேச்சே இல்லை.”