ஏறாத வண்டி குடித்த பெற்றோல்

“பைறூஸ் நானா, நான் ஏறாத வண்டி பெற்றோல் குடிக்குது!”

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளைக் கராஜ் வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்த றெனால்டுக்கு மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை விடியச் சிலாவத்துறை மீன்வாடிக்குக் கடற்றொழிலுக்குப் போனால், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அவன் தலைமன்னார் திரும்புவான். அதுவரை வண்டி வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும்.

“போகேக்க அரை டாங்க் இருந்தது. இப்ப ஆட்டிப் பாத்தாலும் சத்தம் இல்லை. ஆரும் களவெடுக்கிறாங்களோ?”

பைறூஸ் குந்தியிருந்து காபரேட்டரை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“களவில்லை. இதுக்குள்ள ஒரு ஊசி இருக்கு. அதில அழுக்குப் பிடிச்சா வாய் சரியா மூடாது. நிண்ட நிலையிலயே பெற்றோல் ஒழுகிப் போயிடும்.”

“ஒழுகினா நிலத்தில ஈரம் இருக்கோணுமே, நானா?”

“எங்கட வெய்யிலுக்கும் மணலுக்கும் ஈரம் நிக்குமோ?”

றெனால்டுக்கு அது சரியாகத்தான் பட்டது.

“அப்ப கழட்டித் துப்புரவாக்குங்கோவன்.”

“பழைய வண்டி. ஆணியைத் தொட்டா உடையும்.” பைறூஸ் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். “இது பெற்றோலோட கலக்கிற மருந்து. காபரேட்டர், எஞ்சின் எல்லாத்தையும் கழுவி விடும். ஆனா ஒண்டு, டாங்க் நிறையப் பெற்றோல் அடிச்சுப்போட்டுத்தான் ஊத்தோணும்.”

“நிறையவோ? நாலு நாள் நான் ஊரிலயே இல்லையே!”

“நல்லதாப் போச்சு. மருந்து அமைதியா ஊறட்டும்.”

றெனால்ட் அப்படியே செய்தான். திங்கட்கிழமை புறப்படும்போது மனைவியிடம் எச்சரித்துவிட்டுத்தான் போனான்.

“அன்ரோனெற், வண்டியில ஒருத்தரையும் கை வைக்க விடாத. மருந்து ஊறுது.”

“உங்கட தகரத்தை ஆர் தொடப் போறாங்கள்?” என்றாள் அவள், மீன் வெட்டிக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை றெனால்ட் குழப்பத்தோடு கராஜுக்கு வந்தான். முன்பெல்லாம் ஏழெட்டு உதை கேட்கும் வண்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகியிருந்தது. புகை இல்லை, இருமல் இல்லை. ஆனால் டாங்கில் கால்வாசிதான் மிச்சம்.

“பாத்தியா, மருந்து பிடிக்குது!” என்றார் பைறூஸ் உற்சாகமாக. “எஞ்சின் சரி. ஊசிதான் இன்னும் அடம்பிடிக்குது. இன்னொரு போத்தல் ஊத்து.”

“டாங்க் நிறைய?”

“டாங்க் நிறைய.”

மூன்றாவது சனிக்கிழமை றெனால்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“நானா, இந்த முறையும் டாங்க் காலி. வண்டியை விக்கப் போறன்.”

பைறூஸின் கையிலிருந்த ஸ்பானர் காலடியில் விழுந்தது.

“என்னடா சொல்லுறாய்?”

“விடத்தல்தீவு யசோதரன் கேட்டவர். வாற வியாழக்கிழமை மத்தியானம் இஞ்ச வந்து எடுக்கச் சொல்லிட்டன். நானும் வெள்ளனவா வந்திடுவன்.”

“வியாழன் வேண்டாம். சனிக்கிழமை வரச் சொல்லு.”

“ஏன்?”

“இல்ல... கடைசிப் போத்தல். முழுசாப் பிடிக்க ரெண்டு நாள் கூட வேணும்.”

“பிடிச்சது போதும், நானா.” பதினொரு வருடமாக றெனால்டையும் அன்ரோனெற்றையும் பூசைக்கும் சந்தைக்கும் சுமந்த வண்டி. விற்க அவனுக்கு மட்டும் மனமா?

வியாழக்கிழமை மத்தியானம் றெனால்ட் வியர்க்க விறுவிறுக்கக் கராஜுக்கு ஓடி வந்தான். யசோதரன் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்.

“நானா, வண்டியைக் காணேல்லை! வீடும் பூட்டிக் கிடக்கு. களவெடுத்திட்டாங்கள்! வாங்கோ, பொலிசுக்குப் போவம்.”

பைறூஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “இரு. பிளேன்டீ குடி.”

“வண்டி போயிட்டுது எண்டுறன், டீ குடிக்கச் சொல்லுறீங்கள்?”

“கொஞ்சம் பொறு, றெனால்ட்.” பொறுக்கச் சொன்னவருக்கே இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போவதும் மன்னார் வீதியை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. றெனால்ட் துள்ளி எழுந்தான்.

“அது என்ர வண்டி!”

வண்டி சீராக வந்து, அழகாக வளைந்து, கராஜ் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அன்ரோனெற்!

“நீயா?” றெனால்ட் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“லைசன்ஸ் சோதினைக்குப் போனனான். எட்டுப் போட்டு பாஸ்!” கையிலிருந்த தாளை அவள் ஆட்டிக் காட்டினாள். “மாதர் சங்கத்தில வெளிக்கள வேலை. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிஞ்சவைக்குத்தான் குடுப்பினமாம். முதலே சொன்னா, விழுந்திடுவாய் எண்டு மறிக்காம விட்டிருப்பீங்களோ?”

“விட்டிருக்க மாட்டன்தான்,” என்று ஒப்புக்கொண்டான் றெனால்ட். அவனையும் மீறிச் சிரிப்பு வந்தது. யசோதரன் பக்கம் திரும்பினான். “குறை நினையாதேங்கோ, அண்ணை. வண்டி விக்கிறதுக்கில்லை.” பிறகு பெருமையோடு மனைவியைப் பார்த்தான். “அது சரி, கியர் வண்டியில எட்டுப் போட உனக்கு ஆர் பழக்கினது?”

பைறூஸ் சட்டென்று குனிந்து, இல்லாத ஆணி ஒன்றை நிலத்தில் தேடத் தொடங்கினார்.

“வேற ஆர்?” என்றாள் அன்ரோனெற். “நான் ஓடிப் பழகிப் பெற்றோல் முடியிற நேரமெல்லாம், உங்களுக்கு மருந்து குடுத்தவர்தான்!”