உப்புக்கல்

"சுடப்போற மானுக்கு விருந்தோடா வைக்கிறாய்?"

செல்வரட்ணம் கேட்டதும் அந்தோனிதாசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் பன்றி இறைச்சி வெட்டுகிற மனிதருக்கு, சனிக்கிழமை மட்டும் மான்மேல் இவ்வளவு இரக்கமா?

தாசன் கையில் செங்கல் அளவில் ஓர் உப்புக்கல். அதை மரக்குற்றியின் தலையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

1988 மே மாதம். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே அறை. சனிக்கிழமைகளில் தாசன் ஹென்னிங் என்ற டெனிஷ்காரரின் வேட்டைக்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போவான். அறையில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இன்று செல்வரட்ணமும் கூட வந்திருந்தார்.

"சும்மா உப்பில்லை அண்ணை. கொம்பு வளர, குட்டிக்குப் பால் ஊற எல்லாச் சத்தும் கலந்திருக்கு."

"பிறகு வந்து நக்கேக்க சுடுறதாக்கும்!"

"சீச்சீ. உப்புக்கல்லடியில ஹென்னிங் துவக்கே தூக்கமாட்டார். மான் பக்கத்துக் காணிக்குப் போகாமல் இருக்கத்தான் இது. உப்பு இருக்குமட்டும் அதுகள் இந்தக் காட்டை விட்டு அசையாது. ஒக்டோபரில வேட்டை தொடங்கேக்க இஞ்சை நிக்கோணும், அவ்வளவுதான்."

செல்வரட்ணத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது இன்னும் மோசமடா! ஓடித் தப்பக்கூடியதை நம்பவைச்சு நிப்பாட்டுறது. நெஞ்சில ஈரமில்லாதவங்கள். நீயும் அதுக்கு உடந்தை!"

தாசன் கையைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினான்.

"அதை விடுங்கோ. நேற்று லோயர் என்னவாம்?"

செல்வரட்ணத்தின் குரல் இறங்கியது.

"தமிழாக்களின்ரை குடும்ப பைல் ஒண்டையும் திறக்கிறாங்கள் இல்லையாம். எப்ப திறப்பாங்கள் எண்டு தனக்கும் தெரியாதாம். வருஷக்கணக்காகுமாம். நம்பியிருக்க வேண்டாம் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்."

மன்னாரில் இருக்கும் மனைவி அருமைநாயகியையும் ஐந்து வயது மகள் கிளோறியாவையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதமாகிறது. வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையில் சூடு பட்டு இரண்டு பேர் செத்துப்போனதாகப் போன கிழமைதான் அருமை எழுதியிருந்தாள்.

"அண்ணை, உங்கடை மச்சான் லோரன்ஸ் அருமை அக்காவையும் பிள்ளையையும் கனடாவுக்குக் கூப்பிடுறாரெல்லே? உடனை போகச் சொல்லி எழுதுங்கோ. முதல்ல அதுகளின்ரை உயிர் தப்பட்டும்."

"ஓம்... இண்டைக்கே எழுதிறன்."

அறைக்குத் திரும்பியதும் தாசன் உடுப்புத் தோய்க்கப் போய்விட்டான். செல்வரட்ணம் கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

அவள் கனடாவுக்குப் போய்விட்டால்? அங்கே அவளுடைய அண்ணன் லோரன்ஸ் இருப்பான், வீடு இருக்கும், வேலை கிடைக்கும். பிறகு அவள் எதற்கு இந்த நாட்டுக்கு வரப்போகிறாள்? தபால்காரனுக்காக அவர் காத்திருப்பதுபோல அவருக்காகக் காத்திருக்க இந்த உலகத்தில் ஒருத்தியாவது வேண்டாமா?

பேனையை எடுத்தார்.

"அன்பின் அருமைக்கு, நேற்று லோயருடன் கதைத்தேன். அலுவல் முடிகிற கட்டம். இன்னும் இரண்டே மாதத்தில் விசா கைக்கு வந்துவிடும். பிள்ளைக்குச் சொக்கிலேட் அனுப்புகிறேன். லோரன்ஸ் எவ்வளவுதான் கூப்பிட்டாலும் கனடாவுக்குப் போகாமல், என்னை நம்பி அங்கேயே நில்."